பாயிண்ட் டூ டூ ரைபிளுக்கு எந்த ஸ்கோப்? கையைக் கடிக்காத ஒரு கணக்கு

கலெக்டர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்து .22 ரைபிளுக்கு லைசன்ஸ் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பட்ஜெட்டுக்குள்ள நல்ல ஸ்கோப் எதுங்க?" கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் இந்த விளையாட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, கையில் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் சேலமோ பெங்களூரோ போக வேண்டும். இல்லையென்றால் ஆன்லைனில் படம் பார்த்து வாங்க வேண்டும். படத்தில் எல்லாம் ஒரே மாதிரி கறுப்புக் குழாய்தான். அதனால் பெட்டி மேல் உள்ள எண்ணைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். 6-24×50 என்றால் ஆறிலிருந்து இருபத்துநான்கு மடங்கு வரை பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 50 மி.மீ. அகலம். அப்படிப் போட்டிருந்தால் 3-9×40-ஐ விட உசத்தி என்று ஒரு நினைப்பு.

என் கட்சி வேறு. பணம் அளவாக இருந்தால் உருப்பெருக்கத்தை விட்டுவிடுங்கள். பேரலாக்ஸ் (கண் விலகினால் குறியும் விலகும் பிழை) சரியாக இருப்பதற்கும், சொன்னபடி நகர்கிற க்ளிக்குக்கும் (குறியை மாற்றும் குமிழின் ஒவ்வொரு படியும் ஒரு க்ளிக்), ஸ்கோப்பை ரைபிளில் ஆடாமல் பிடிக்கும் மவுண்ட்டுக்கும் காசைப் போடுங்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்கோப் ரைபிள் மேலா, ரைபிள் பக்கத்திலா?

நீங்கள் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடுவது) அல்லது த்ரீ பொசிஷன் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது) போட்டிக்குத் தயாராகிறவர் என்றால், ரைபிள் மேல் மாட்டும் ஸ்கோப்பே உங்களுக்கு வேண்டாம். சர்வதேசக் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி அந்தப் போட்டிகளில் ரைபிளில் டெலஸ்கோப் பொருத்தக் கூடாது. பின்னால் சின்னத் துளை வைத்த பீப் சைட், முன்னால் வளையம், அவ்வளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இப்படிப்பட்ட சைட்டில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வாங்கிய வெண்கலமும் அப்படியே. அந்த வழியில் போகிறவர்கள் ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல பீப் சைட் ஒன்றும், மூன்றுகால் ஸ்டாண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்றும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த 5.6 மி.மீ. ஓட்டையை 50 மீட்டரிலிருந்து பார்க்க இருபது மடங்காவது வேண்டும். 20-60×60 என்று வரும் சாதாரண ஸ்பாட்டிங் ஸ்கோப்பே இதற்குப் போதும். அதிலும் இருபதிலிருந்து முப்பது வரைதான் படம் நன்றாக இருக்கும், அறுபது பெட்டிக்கு அழகு.

அப்படியானால் ரைபிள் மேல் ஸ்கோப் யாருக்கு? மேஜையில் மணல்பை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள். எந்தத் தோட்டா தன் ரைபிளுக்கு ஒத்துவருகிறது என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள். அப்புறம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, முன் சைட்டும் டார்கெட்டும் சேர்ந்தாற்போலத் தெரிவதில்லை என்று சலித்துக்கொள்கிற என் வயதுக்காரர்கள். இந்த மூன்றாவது கூட்டத்துக்கு ஸ்கோப் உண்மையிலேயே வரப்பிரசாதம். டார்கெட்டும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் தெரிவதால் கண் இரண்டுக்கும் நடுவே அல்லாட வேண்டியதில்லை.

நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கமெல்லாம் காடு. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் இருக்கின்றன. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முயலும் மயிலும் விதிவிலக்கல்ல. ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியோடு அந்தப் பக்கம் சுற்றினால் "சும்மா டெஸ்ட் பண்ணப் போனேன்" என்று சொல்வது எடுபடாது. மாந்தோப்பும் கைவிட்ட கல்குவாரியும் ரேஞ்ச் ஆகாது. .22 தோட்டா சின்னதுதானே என்று நினைக்காதீர்கள். பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். அதாவது கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர்.

பத்து எப்படி ஒன்பதாகிறது

இப்போது பேரலாக்ஸுக்கு வருவோம். மலிவு ஸ்கோப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

ஸ்கோப்பை அசையாமல் வைத்துவிட்டு, கண்ணை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக் கம்பி டார்கெட் மேல் நகர்கிறதா? நகர்ந்தால் அது பேரலாக்ஸ். ஒவ்வொரு முறையும் கன்னம் கட்டையில் ஒரே இடத்தில் படியாவிட்டால், நீங்கள் நடுவைப் பார்த்துச் சுட்டாலும் குண்டு நடுவில் விழாது. ஏதோ ஒரு தூரத்தில் மட்டும் இந்தப் பிழை இல்லாதபடி தொழிற்சாலையிலேயே அமைத்திருப்பார்கள். பெரிய தோட்டா ரைபிளுக்கான ஸ்கோப்பில் அந்தத் தூரம் பெரும்பாலும் 100 கஜம் அல்லது அதற்கும் மேல். ரிம்ஃபயருக்கென்று, அதாவது .22 போன்ற சின்னத் தோட்டாவுக்கென்று, செய்தவற்றில் 50 அல்லது 60 கஜம்.

இதனால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். முன்கண்ணாடி 40 மி.மீ., பேரலாக்ஸ் 100 மீட்டருக்கு அமைத்தது, நீங்கள் சுடுவது 50 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் நடுவிலிருந்து விளிம்புக்குப் போனால் அதிகபட்சப் பிழை 10 மி.மீ. வரும். கண்ணாடியின் பாதி அகலம் 20 மி.மீ., தூரத்தில் பாதி வித்தியாசம், அதனால் அதில் பாதி. 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் மொத்த விட்டமே 10.4 மி.மீ. நடுவிலிருந்து அதன் விளிம்புக்கு 5.2 தான். கையும் மூச்சும் விசையும் எல்லாம் சரியாக இருந்தும், தலை வைத்த இடம் தப்பியதற்காக மட்டும் பத்து ஒன்பதாகிவிடும். 24 மடங்கு பெரிதாகக் காட்டினாலும் இந்தப் பிழை போகாது. தப்பு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை எக்ஸ்" அல்ல. "பேரலாக்ஸ் எத்தனை கஜத்துக்கு? இல்லை, திருகி மாற்றலாமா?" என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் வேறு கடை.

மாற்றிக்கொள்ளும் வசதி இரண்டு விதமாக வருகிறது. முன்கண்ணாடியைச் சுற்றி வளையம் இருந்தால் ஏஓ. இடது பக்கத்தில் குமிழ் இருந்தால் சைட் ஃபோகஸ். படுத்துச் சுடுகிறவருக்குக் கையை முன்னே நீட்டாமல் பக்கத்திலேயே திருகிக்கொள்ளலாம் என்பதால் சைட் ஃபோகஸ் வசதி. ஒரே தூரத்தில் மேஜைமேல் சுடுகிறவருக்கு ஏஓ போதும், விலையும் குறைவு. எதுவானாலும் அதன்மேல் அச்சடித்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். "50" என்று போட்ட இடத்தில் 50 இருக்காது. தலையை ஆட்டிப் பார்த்துக் கம்பி நகராத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். அதற்கும் முன்னால், வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்துக் கம்பி பளிச்சென்று தெரியும்படி கண் பக்கத்து ஃபோகஸைத் திருகி முடித்திருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டுமே குழம்பும்.

கையில் உள்ள வழிகள்

மிக மலிவானது, இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத 3-9×40. சிவப்பு பச்சை விளக்கு, லேசர், டார்ச் எல்லாம் சேர்த்துத் தருவார்கள். வேண்டாம். காரணம் கண்ணாடி மங்கல் என்பது கூட இல்லை. க்ளிக் வேலை செய்யாது என்பதுதான். பத்து க்ளிக் வலது திருப்பினால் ஒருமுறை இரண்டு சென்டிமீட்டர் நகரும், மறுமுறை நகரவே நகராது, இரண்டு குண்டு போன பிறகு திடீரென்று குதிக்கும். இந்த ஊரில் இது கூடுதல் செலவு. நம் லைசன்ஸில் ஒரு சமயத்தில் இத்தனை, வருடத்துக்கு இத்தனை என்று தோட்டாவுக்கு எண் எழுதியிருக்கும். ஈலி, எஸ்கே, லாபுவா மாதிரி நல்ல மேட்ச் தோட்டா எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது. ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் ஜீரோ செய்யவே (குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்யவே) அரைப்பெட்டி தோட்டா போனால், மிச்சம் பிடித்த பணம் அதிலேயே கரைந்துவிடும். தோட்டாவைக் காசு கொடுத்து வாங்கலாம், வருட ஒதுக்கீட்டை வாங்க முடியாது.

அடுத்து, மாறாத நான்கு மடங்கு, 4×32. இதை யாரும் இப்போது மதிப்பதில்லை. எனக்கு இதன்மேல் கொஞ்சம் பாசம் உண்டு. உள்ளே நகரும் பாகம் குறைவு, அதனால் அதே விலையில் கொஞ்சம் உறுதியாக இருக்கும். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8. கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் எட்டு மி.மீ. அகலம், தலையை எங்கே வைத்தாலும் படம் தெரியும். 25 மீட்டரில் பழகுகிற பிள்ளைகளுக்கு அருமையானது. 50 மீட்டரில் பத்தாம் வளையத்தைப் பிரித்துப் பார்க்க மட்டும் போதாது. பேரலாக்ஸ் 50 கஜத்துக்கு அமைத்ததாகக் கிடைத்தால் எடுக்கலாம்.

மூன்றாவது, ரிம்ஃபயருக்கென்றே செய்த 2-7×32, 3-9×32, 3-9×40 வகை. பேரலாக்ஸ் 50 அல்லது 60 கஜத்தில் நிலையாக இருக்கும். வோர்டெக்ஸின் க்ராஸ்ஃபயர் டூ 2-7×32 ரிம்ஃபயர், சிம்மன்ஸின் .22 மேக் 3-9×32 இரண்டும் 50 கஜம். லூப்போல்டின் விஎக்ஸ் ஃப்ரீடம் ரிம்ஃபயர் 3-9×40 அறுபது கஜம், விலையும் ஒரு படி மேலே. சிம்மன்ஸ் இந்த மூன்றில் எளியது, கண்ணாடி சுமார், ஆனால் .22-க்கு வேண்டியதைச் செய்யும். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஏமாறக் கூடாது. அதே நிறுவனத்தின் அதே 3-9×40 பெரிய ரைபிளுக்கு 100 கஜ பேரலாக்ஸோடும் வரும். பெட்டியில் ரிம்ஃபயர் என்ற சொல் இருக்க வேண்டும். 50 மீட்டரில் மட்டுமே சுடுகிறவர், வேறு எதையும் திருகிக்கொண்டிருக்க விருப்பமில்லாதவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான்காவது, 4-12×40 ஏஓ. அளவான பணத்தில் என் ஓட்டு இதற்குத்தான். ஹாக் நிறுவனத்தின் வேண்டேஜ் வரிசையிலும், வோர்டெக்ஸின் க்ராஸ்ஃபயர் டூ வரிசையிலும் இந்த அளவு இருக்கிறது. பேரலாக்ஸைப் பத்துக் கஜம் வரை இறக்கலாம். அதனால் வீட்டில் பழக வைத்திருக்கும் .177 ஏர் ரைபிளிலும் மாட்டலாம், ரேஞ்சில் .22-இலும் மாட்டலாம். ஒரு ஸ்கோப், இரண்டு வேலை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் பின்னால் ஒருமுறையும் முன்னால் ஒருமுறையும் உதைக்கும். .22 தோட்டாவின் உதையைச் சுலபமாகத் தாங்கும் ஸ்கோப் கூட அதில் உள்ளே கழன்றுவிடும். ஸ்பிரிங் ஏர்கன்னுக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் மட்டும் மாட்டுங்கள். அழுத்திய காற்றை அடைத்து வைத்த பிசிபி வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

பன்னிரண்டு மடங்கு போதுமா என்றால், 50 மீட்டருக்கு நன்றாகப் போதும். வெள்ளைப் பகுதியில் விழுந்த ஓட்டைகள் தெரியும், கறுப்பில் விழுந்தது நல்ல வெளிச்சத்தில் தெரியும். இந்த விலையில் பார்க்க வேண்டிய இன்னொன்று க்ளிக் அளவு. எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒன்று. கால் எம்ஓஏ க்ளிக் என்றால் 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ., 50-ல் 3.6 மி.மீ. நகரும். 0.1 மில் (இன்னொரு கோண அளவு) க்ளிக் 50 மீட்டரில் 5 மி.மீ. நகரும், அதாவது பத்தாம் வளையத்தில் பாதி. காகித டார்கெட்டுக்கு எம்ஓஏ வகையே மென்மை. எட்டில் ஒன்று எம்ஓஏ க்ளிக் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் இந்த விலைக்குள் அரிது.

ஐந்தாவது, எல்லோரும் ஆசைப்படும் 6-24×50. டிஸ்கவரி, வெக்டர் ஆப்டிக்ஸ் போன்ற சீன நிறுவனங்கள் இந்த வகையில் முன்பைவிட நன்றாகவே செய்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. சைட் ஃபோகஸ், பூட்டு வைத்த டர்ரெட் (க்ளிக் குமிழ்), முதல் தள ரெட்டிக்கிள் (படத்தோடு சேர்ந்து பெரிதாகும் குறுக்குக் கம்பி) எல்லாம் வருகிறது. ஆனால் அதே விலையில் இத்தனை வசதியையும் அடைக்கும்போது கண்ணாடியிலும் உள்பாகத்திலும் எங்கோ கை வைத்துத்தான் ஆக வேண்டும். எடையும் கூடும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் ஒளிவட்டம் 2 மி.மீ. சொச்சம். தலை ஒரு நூல் விலகினாலும் படம் கறுத்துப்போகும்.

அதைவிட முக்கியமானது நம்மூர் வெயில். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கு மேல் செம்மண்ணும் பாறையும் சூடேறினால் தரையிலிருந்து கானல் எழும்பும். பதினாறு மடங்கைத் தாண்டினால் டார்கெட் வளையங்கள் கொதிக்கிற உலைத்தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நெளியும். நெளியும் பத்தைப் பார்த்து எங்கே சுடுவது? 24 மடங்கு ஸ்கோப் வாங்கியவர்கள் வெயில் ஏறியதும் பத்து, பன்னிரண்டுக்கு இறக்கித்தான் சுடுகிறார்கள். அப்படியானால் அந்த மிச்சப் பன்னிரண்டுக்குக் கொடுத்த காசு?

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கானல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிக்கத் தெரிந்தவருக்கு அதிக உருப்பெருக்கம் ஒரு கருவி. .22-க்குக் காற்றுதான் பெரிய எதிரி. மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகக் காற்று குறுக்கே அடித்தால் 50 மீட்டரில் இரண்டரை மூன்று சென்டிமீட்டர் தள்ளிவிடும். பத்து போய் ஏழு வரும். அம்மி பறக்கிற ஆடிக் காற்றில் எந்த ஸ்கோப்பும் உதவாது, ரிப்பன் கட்டி வைத்துப் பார்த்துச் சுட வேண்டியதுதான். நீங்கள் ஏற்கெனவே காற்றைப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் 6-24 பற்றி யோசியுங்கள். அந்தக் கட்டத்துக்கு வந்தவர் இந்தக் கட்டுரையைப் படிக்கமாட்டார்.

முதல் தளமா இரண்டாம் தளமா என்ற பட்டிமன்றம் நமக்குத் தேவையில்லை. ஒரே தூரத்தில் சுடுகிறவருக்கு இரண்டாம் தளமே நல்லது, பெரிதாக்கினாலும் கம்பி மெல்லியதாகவே இருக்கும். ரெட்டிக்கிளில் விளக்கு பகல் ரேஞ்சில் வீண். ஹாக்கில் .22 எல்ஆர் தோட்டாவின் வீழ்ச்சிக்கு ஏற்பக் கோடு போட்ட ரெட்டிக்கிள் வருகிறது, குறைவேகத் தோட்டாவுக்கு ஒன்று, அதிவேகத்துக்கு ஒன்று. 50, 75, 100 என்று மாறி மாறிச் சுடுகிறவருக்கு அது உதவும், குறிப்பிட்ட ஒரு உருப்பெருக்கத்தில் வைத்தால் மட்டும். மேட்ச் தோட்டா நொடிக்கு சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 50-ல் ஜீரோ செய்து 100-ல் சுட்டால் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். கால் எம்ஓஏ க்ளிக்கில் இருபத்தாறு இருபத்தெட்டு மேலே ஏற்ற வேண்டும். க்ளிக் நம்பகமானதாக இருந்தால் கோடு வேண்டாம், எண்ணித் திருப்பினால் போதும்.

ஆறாவது வழி, பழையது. ரேஞ்சில் யாராவது பெரியவர் தன் பழைய நிக்கானையோ புஷ்னெல்லையோ கொடுக்க முன்வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். நிக்கான் ரைபிள் ஸ்கோப் செய்வதையே நிறுத்திவிட்டது, அதனால் சிலர் குறைத்துக் கேட்பார்கள். கண்ணாடி அருமை. வாங்கும்போது டார்ச்சை முன்பக்கம் அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது, விட்டுவிடுங்கள். குழாயில் பழைய ரிங் (மவுண்ட்டின் பிடிவளையம்) அழுத்திய பள்ளம் ஆழமாக இருந்தாலும் அப்படியே.

கடையில் பத்து நிமிஷம்

பெங்களூரில் ஒரு கடையில் நடந்தது. தமிழ் பேசுகிற கடைக்காரத் தம்பி 6-24-ஐ எடுத்து நீட்டினார். "அண்ணா, இதுல பாருங்க, நிலாவுல இருக்குற பள்ளம்கூடத் தெரியும்." கூட வந்திருந்த ஓசூர் நண்பர் அலட்டிக்கொள்ளாமல், "நிலாவைச் சுட லைசன்ஸ் கொடுக்கலியே தம்பி" என்றார். அந்தத் தம்பி சிரித்துவிட்டு, அப்புறம் நாங்கள் கேட்ட சோதனைக்கெல்லாம் ஒத்துழைத்தார்.

சோதனை சுலபம். ஒரு காலி அட்டைப்பெட்டியை வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களில் மேலிருந்து வி வடிவில் வெட்டுங்கள். ஸ்கோப்பை அந்த வெட்டில் படுக்க வைத்தால் அசையாது. வாசலுக்கு வெளியே, ஐம்பது மீட்டர் சுமாருக்கு நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைக் குறி வையுங்கள். முதலில் கண்ணை மட்டும் நகர்த்திப் பேரலாக்ஸ். பிறகு உருப்பெருக்க வளையத்தைக் கடைசிவரை திருகி, அதிகபட்சத்தில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, ஊதா நிற ஓரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். திருகும்போது கம்பி நடு எழுத்தை விட்டு நகர்ந்தால் அந்த ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக டர்ரெட் மூடியைக் கழற்றி நாற்பது க்ளிக் மேலே, நாற்பது கீழே. கம்பி கிளம்பிய அதே புள்ளிக்கு வர வேண்டும். ஒவ்வொரு க்ளிக்கும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். குழகுழவென்று இருந்தால் நாளைக்கு இருட்டிலும் பதற்றத்திலும் எண்ண முடியாது.

ஆன்லைனில் வாங்கினால் இதே சோதனையை வீட்டு மாடியில், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். மாட்டிப் பார்த்து ரிங் தடம் விழுந்த பிறகு திருப்பி எடுக்கமாட்டார்கள். வாரண்டியில் பெரிதாக எழுதியிருப்பதைவிட, பழுதானால் இந்தியாவில் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குவது முக்கியம். பில் இல்லாத ஸ்கோப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ரேஞ்சில் செய்யும் சோதனை இன்னும் கறாரானது. 50 மீட்டரில் ஜீரோ செய்த பிறகு, குறி வைக்கும் புள்ளியை மாற்றாமல் மூன்று குண்டு. இருபது க்ளிக் வலது, மூன்று குண்டு. இருபது மேலே, மூன்று. இருபது இடது, மூன்று. இருபது கீழே, மூன்று. கால் எம்ஓஏ க்ளிக் என்றால் காகிதத்தில் பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டர் சொச்சம் உள்ள சதுரம் விழ வேண்டும், கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேல் உட்கார வேண்டும். பதினைந்து தோட்டாவில் ஸ்கோப்பின் ஜாதகம் தெரிந்துவிடும். காற்று இல்லாத விடிகாலையில் செய்யுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் பனிமூட்டம் விலகக் காத்திருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

மவுண்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஸ்கோப்புக்கு இருபதாயிரம் செலவழித்துவிட்டு முந்நூறு ரூபாய் ரிங்கில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முதலில் உங்கள் ரைபிளின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். .22-இலும் ஏர் ரைபிளிலும் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம். பிக்காட்டினி ரெயில் வேறு, அதில் குறுக்கே காடி காடியாக வெட்டியிருக்கும். ஒன்றுக்கு வாங்கிய ரிங் மற்றதில் உட்காராது. குழாய் விட்டம் ஒரு அங்குலமா 30 மி.மீ.-ஆ என்பதையும் சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும். முன்கண்ணாடி குழலில் இடிக்காத அளவுக்கு எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வான ரிங். உயரமாக வைத்தால் கன்னம் கட்டையை விட்டு எழும்பும், தலை நிலையாக நிற்காது, மறுபடி பேரலாக்ஸ் தலைவலி. 50 மி.மீ. கண்ணாடி வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ரிங் திருகை முறுக்கும் பலம் இரண்டு நியூட்டன் மீட்டர் அளவுதான். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். நீளப் பக்கத்தைப் பிடித்து முழு பலத்தையும் காட்டினால் குழாய் நசுங்கும், உள்ளே உள்ள உருப்பெருக்க உருளை சிக்கிக்கொள்ளும். நான்கு திருகையும் குறுக்கே மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும்.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பெங்களூர் ரேஞ்ச் பக்கம் என்று ரைபிளைத் தூக்கிக்கொண்டு எல்லையில் உள்ள ஜூஜூவாடியைத் தாண்டுவதற்கு முன், லைசன்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டுமா, இந்தியா முழுவதற்குமா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியில் கால் வைத்ததுமே சட்டப்படி தப்பு. ஸ்கோப் மட்டும் கையில் கொண்டுபோய் மவுண்ட்டுக்கு அளவு பார்த்து வருவதில் சிக்கல் இல்லை.

பராமரிப்பைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் துணி உறையில் சுற்றி பீரோவில் வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதைவிடச் சுகமான இடம் இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கண்ணாடியில் தூசி இருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள். கல்குவாரித் தூசி படிந்த கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்தால் கோட்டிங் போய்விடும்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். அதற்குள் ஸ்கோப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். அங்கே மற்ற துப்பாக்கிகளோடு சாய்த்து வைக்கும்போது முதலில் அடிபடுவது டர்ரெட்தான். கழற்றுமுன் மவுண்ட் டவ்டெயிலில் எந்த இடத்தில் இருந்தது என்று பென்சிலால் கோடு போட்டு, டர்ரெட் எண்களை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டால் திரும்பி வந்ததும் ஐந்தாறு தோட்டாவில் ஜீரோவைப் பிடித்துவிடலாம். ஒப்படைத்த ரசீதில் "ஸ்கோப் இல்லாமல்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.